தலையணைக்குள் என் குரல்

தலையணையைக் கையால் அமுக்கிப் பார்த்து வாங்கக் கூடாது. கை தூங்குவதில்லை, தலைதான் தூங்குகிறது. பதினெட்டு வருடமாக மெத்தைக் கடையில் நின்று இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது, விசாரணை அதிகாரி ஐயா. நீங்கள் பறிமுதல் செய்து பீரோவில் வைத்திருக்கும் அந்தத் தலையணையையும் கையால்தான் அமுக்கிப் பார்த்திருப்பீர்கள். ஒன்றும் தட்டுப்பட்டிருக்காது. தலையை வைத்து இருபது நிமிடம் ஆனால்தான் அது பேசும்.

உங்கள் ஆலையில் டைம் கீப்பராக இருக்கிறவன் என் தம்பி. சைரனை ஒலிக்கவிடுவதும் வருகை குறிப்பதும் அவன் வேலை. பத்தொன்பது வருடம் ஒரு நிமிடம்கூடப் பிசகாதவன். அவன் போன மாதம் மாலைச் சைரனை நாற்பது நிமிடம் தாமதமாக ஒலிக்கவிட்டான், அறுநூறு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். அடுத்த வாரம் காலை பத்தரைக்கு மேசைமேல் தூங்கிவிட்டான், முழங்கை பொத்தானில் விழுந்தது, ஆலையே வீட்டுக்குப் போய்விட்டது. மேலாளரும் போய்விட்டதாகக் கேள்வி. அவரை நான் குறை சொல்லமாட்டேன். சைரன் ஒலித்தால் போகத்தான் வேண்டும்.

இந்த இரண்டுக்கும் அவனை வேலையைவிட்டு நீக்கப் போவதாகச் சொல்கிறார்கள். அவன்மேல் குற்றமில்லை. குற்றம் முழுக்க என்னுடையது. நீங்கள் அனுப்பிய ஒன்பது கேள்விகளுக்கும் பதில் இதில் இருக்கிறது, வரிசையாக இல்லாவிட்டாலும்.

நாங்கள் இரட்டையர். அச்சு அசல் ஒன்றுபோல இருப்போம். நான் ஏழு நிமிடம் மூத்தவன். நான் எங்கேயாவது முன்னதாகப் போய்ச் சேர்ந்தது அந்த ஒருநாள்தான் என்பாள் அம்மா. பிறந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் தூங்கவே இல்லையாம். ஒருவன் கண்ணயர்ந்தால் அடுத்தவன் வீறிடுவான். மூன்று மாதம் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள். பார்க்க வந்த பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. "ஒண்ணை நான் ஒரு மாசம் வச்சுப் பார்க்கறேன்" என்று தூக்கிக்கொண்டு போனாள். தூங்கிக்கொண்டிருந்தவனைத் தூக்குவது சுலபம் என்று அவனைத் தூக்கினாள். கத்திக்கொண்டிருந்தவன் நான். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை.

அன்று தூங்கியவன் பெரியம்மா வீட்டில் விடியுமுன் எழுந்து படித்து, ஷூ பளபளக்க நடந்து, ஊரே மெச்சும் ஆளானான். அன்று விழித்திருந்தவன் அதற்குப் பிறகு சரியாக விழிக்கவே இல்லை. பள்ளியில் தூங்கினேன், பேருந்தில் நின்றபடி தூங்கினேன், கடைசியில் தூக்கத்தை விற்கிற கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். வாடிக்கையாளருக்குப் படுத்துக் காட்டப் போய் எழுந்திருக்காமல் இருந்த நாளும் உண்டு. முதலாளி அந்த மெத்தையை நல்ல விலைக்கு விற்றார்.

இதில் எனக்கு வருத்தமில்லை. என் வருத்தம் பெரியம்மாவின் வாய். வீட்டு விசேஷம் எதுவானாலும் எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துச் சொல்வாள். "ஒரே வயிறு, ஒரே நாள். ஒண்ணு உன் கையில, ஒண்ணு என் கையில. எல்லாம் வளர்ப்புதான், வேற என்ன?" நாற்பது வருடமாக இதே வாக்கியம், ஒரு சொல் மாறியதில்லை. அம்மா சிரிப்பாள், பிறகு ஏதோ எடுக்கப் போவதுபோல உள்ளே போய்விடுவாள். எதையும் எடுத்து வந்ததாக எனக்கு நினைவில்லை. தம்பி நல்லவன். பெரியம்மாவின் வளர்ப்பில் ஏழு நிமிடத்துக்கே என்னை 'அண்ணா' என்று மரியாதையாகக் கூப்பிடுவான். பெற்ற அம்மாவைச் சித்தி என்பான். அதுவும் வளர்ப்புதான். பெரியம்மா பேசும்போது அவன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

அப்போதுதான் பல்கலைக்கழகத்து உளவியல் துறையிலிருந்து கடிதம் வந்தது. தனித்தனியாக வளர்ந்த இரட்டையர் தேவை என்றார்கள். இரண்டு வருட ஆய்வு. அதுவரை இருவரும் சந்திக்கவோ பேசவோ கூடாது. பேராசிரியை இளம்வயதுக்காரர், பொறுமைசாலி. இருநூற்றுப் பதினான்கு கேள்வி கேட்டார். சாக்ஸ் எந்தக் காலுக்கு முதலில் போடுவேன், எந்தப் பிராணிக்குப் பயம், கூப்பிட்டால் எத்தனையாவது தடவை எழுந்திருப்பேன் என்றெல்லாம். பிறகு ஒயர்க்காரர் ஒருவர் வந்து தலையில் இருபது ஒயர் ஒட்டிப் பகலில் ஒரு கட்டிலில் படுக்கவைப்பார். தூக்கத்தின் படிகளை இயந்திரம் கோடு கோடாக வரையும். மற்றவர்களுக்குத் தூக்கம் வர அரைமணி ஆகுமாம். எனக்கு ஒயர்க்காரர் ஒன்பதாவது ஒயர் ஒட்டும்போதே வந்துவிடும்.

பேராசிரியை விளக்கியது எனக்குப் புரிந்தது. இரட்டையர் என்றால் விதை ஒன்று. வளர்ந்த வீடு வேறு. இருவருக்கும் ஒத்துப்போகிற குணம் பிறவியில் வந்தது, ஒத்துப்போகாதது வளர்ப்பில் வந்தது. எனக்குச் சட்டென்று உறைத்தது. நாங்கள் இருவரும் ஒரே மாதிரி என்று இந்த அம்மாள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், பெரியம்மாவின் வாக்கியம் அன்றோடு ஒழிந்தது. எல்லாம் பிறவி என்று ஆகிவிடும். அம்மாவின் கையில் ஒரு குறையும் இல்லை என்று ஆகிவிடும்.

முதல் வருட முடிவு வந்தது. இருநூற்றுப் பதினான்கில் முப்பத்தொன்று ஒத்துப்போயிருந்தது.

"நல்லதா மேடம்?" என்றேன்.

"தெருவுல போற யாரையாவது கூப்பிட்டுக் கேட்டிருந்தா முப்பத்தஞ்சு வந்திருக்கும்" என்றார். பாவம், அவருக்கும் சோர்வுதான். பிறகு மேசையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து, முதல் வருட மாணவர்களுக்கானது, ஆர்வமிருந்தால் படியுங்கள் என்று கொடுத்தார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான்.

எடுத்த எடுப்பில் நான் தப்பான வழிக்குப் போகவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தம்பியைப் போல ஆகிவிடலாம் என்றுதான் முதலில் பார்த்தேன். விடிகாலை எழுந்தேன், ஷூவுக்கு மெருகு போட்டேன், நிமிர்ந்து நடந்தேன். மூன்றாம் நாள் மெருகுத் துணியைப் பிடித்தபடியே ஷூவின்மேல் தலைவைத்துத் தூங்கியிருந்தேன். கன்னத்தில் கறுப்பு ஒரு வாரம் போகவில்லை. மெத்தையை மாடிக்கு ஏற்றுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஏற்றுவதைவிட இறக்குவது எவ்வளவோ சுலபம் என்பார்கள். நான் அவன் உயரத்துக்கு ஏறுவதைவிட அவனை என் உயரத்துக்கு இறக்கிவிடுவதே எல்லோருக்கும் சௌகரியம் என்று தோன்றியது.

புத்தகத்தில் நனவு என்று ஓர் அத்தியாயம் உண்டு. மனிதன் தன் எண்ணத்தைத் தன்னுடையது என்று எப்படி அறிகிறான் என்று அதில் நிறைய எழுதியிருக்கிறது. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். உள்ளே ஒரு குரல் கேட்கிறது, அது நம் குரலாக இருக்கிறது, உடனே நாம் நம்பிவிடுகிறோம். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிறவன்கூட எண்ணத்தில் யார் என்ன கலந்தார்கள் என்று பார்ப்பதில்லை. என் குரலும் தம்பி குரலும் ஒன்று. தொலைபேசியில் அம்மாவே "யாருடா, அவனா நீயா?" என்றுதான் ஆரம்பிப்பாள். தூங்குகிறவனுக்குப் புதிதாக எதையும் கற்றுத்தர முடியாது என்றும் அதே புத்தகத்தில் இருந்தது. எழுதியவருக்கு இரட்டைப் பிறவி இல்லை போலிருக்கிறது என்று எண்ணி அந்தப் பக்கத்தை மடித்துவைத்தேன்.

கடையின் கிடங்கில் மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து பதிவு செய்தேன். அங்கே சுத்தமாக எதிரொலி இருக்காது. கட்டைவிரல் அளவு ஒலிபெருக்கி, நினைவட்டை, எடை விழுந்தால் இருபது நிமிடம் கழித்துப் பேச ஒரு சின்ன மின்சுற்று. நடுப் பஞ்சில் புதைத்துத் தையலை நானே போட்டேன். என் தையல் வெளியே தெரியாது. குலுக்கலில் பரிசு விழுந்ததாகக் கடிதம் வைத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் எந்தக் குலுக்கலிலும் சேரவில்லைதான். ஆனால் பரிசு விழுந்தவன் எதற்கு விழுந்தது என்று கேட்பதில்லை. அதே மாதம் எனக்குக்கூட ஒரு மேசைக் கடிகாரம் பரிசாக வந்தது. நான் கேட்டேனா? தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

தலையணையில் முதலில் ஒரே வாக்கியம்தான். "இன்னும் அஞ்சு நிமிஷம். என்ன, குடியா முழுகிடும்?" அன்பாகத்தான் சொல்லியிருந்தேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு என்ற பெயரில் பழையதை வாங்கிப் புதியது அனுப்பினேன். இரண்டாவது தலையணையில், "முதல் தடவை கூப்பிட்டதும் எழுந்திரிக்காத. அவசரம்னா அவங்களே இன்னொரு தடவை கூப்பிடுவாங்க." மூன்றாவதில் சாக்ஸ் இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டேன். நான்காவதில் வாத்து.

வாத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு வாத்து என்றால் பயம். ஐந்து வயதில் ஒன்று துரத்திக் கடித்தது. கேள்வித்தாளில் நூற்று இரண்டாவது கேள்வி அது. தம்பிக்கு எந்தப் பிராணிக்கும் பயமில்லை, ஏனென்றால் கடித்தது என்னைத்தான். அதனால், "வாத்து உன்னையேதான் பார்க்குது" என்று ஏழு தடவை சொல்லிப் பதிவு செய்தேன். அவன் வேலைக்குப் போகிற வழியில் ஒரு குளம் இருப்பதும் அதில் முப்பது வாத்து இருப்பதும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் நான்கு தடவையோடு நிறுத்தியிருப்பேன்.

பலன் அம்மாவின் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது.

"அவன் குளத்தைச் சுத்திக்கிட்டு மூணு மைல் போறானாம்டா" என்றாள் ஒருநாள் தொலைபேசியில். "உங்க பெரியம்மா அழறா. ஒரு காலுல பச்சை சாக்ஸ், ஒரு காலுல சிவப்பாம்."

"உடம்புக்கு என்னவாம்?"

"டாக்டர் ஒண்ணும் இல்லேங்கறார். எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல, நான் நானாவே இல்லன்னு உட்கார்ந்து அழுதானாம். எனக்கு மனசே சரியில்லடா."

அன்று குறிப்பேட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினேன். அந்தக் குறிப்பேட்டையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது உங்களுக்கு என்மேல் கோபம் வரலாம். அடுத்த தலையணையில் ஒலியைச் சற்றுக் கூட்டினேன் என்பதும் அதில்தான் இருக்கிறது. தலையணை நல்ல தரம் என்பதையும் சொல்லிவிட வேண்டும், கழுத்துவலி ஒருநாளும் வந்திருக்காது.

அந்த வருடம் எனக்கும் ஒரு மாற்றம் வந்தது. இது உங்கள் விசாரணைக்குத் தேவையில்லை, முழுமைக்காகச் சொல்கிறேன். எனக்கு எப்படியோ பொறுப்பு வந்துவிட்டது. காலை நாலரைக்குத் தானாக விழிப்பு வரும். ஷூவுக்கு மெருகு போடாமல் வெளியே போக மனம் ஒப்பவில்லை. கடையை நானே முதலில் திறந்தேன். பகலில் படுத்துக் காட்டினால் கண் மூடமாட்டேன் என்கிறது. ஒருநாள் பூங்காவில் ஒரு வாத்துக்குப் பிஸ்கட்டே போட்டேன். முதலாளி பயந்துபோய், "வேற எங்கயாவது வேலை தேடறியா?" என்று கேட்டார். வயதாக ஆகச் சிலருக்குப் பக்குவம் தானாக வரும். அம்மா என்னைப் பார்க்கிற பார்வையே மாறியது. ஒருநாள் என் ஷூவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இரண்டாம் வருடக் கடைசிச் சோதனை வந்தது. அன்று மட்டும் இருவரையும் ஒரே பகலில், அடுத்தடுத்த அறையில் படுக்கவைத்தார்கள். நான் ஒயர்களோடு கூரையைப் பார்த்துக்கொண்டு விழித்துக் கிடந்தேன். பக்கத்து அறையில் தம்பி, தன் தலையணை இல்லாமல் தூக்கம் வராது என்று அதைக் கையோடு கொண்டுவந்திருந்தான். இருபது நிமிடம் ஆனது. ஒயர்க்காரர் கோடுகளைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்திருக்கிறார். ஆழ்ந்து தூங்குகிறவனின் வாய் மூடியிருக்க, அவன் குரல் மட்டும் தெளிவாக, "வாத்து உன்னையேதான் பார்க்குது" என்று அவரிடம் சொல்லியிருக்கிறது.

ஒயர்க்காரர் நல்ல படிப்பாளி. இருந்தாலும் பதினொன்றாம் வகுப்பிலிருந்து தான் ஓடியதே இல்லை என்றும் அன்று ஓடியதாகவும் பிறகு என்னிடம் சொன்னார்.

பேராசிரியை வந்து கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தார். எல்லாம் வெளியே வந்தது. சாட்சிக்கு வேண்டும் என்று எல்லாவற்றையும் உள்ளே வைத்து நானே மறுபடி தைத்துக் கொடுத்ததுதான் உங்கள் பீரோவில் இருப்பது. அவர் கோபப்படவில்லை. உட்கார்ந்து இரண்டு கேள்வித்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார். மறுபடியும் முப்பத்தொன்று. அதே முப்பத்தொன்று. மற்ற நூற்றெண்பத்து மூன்றிலும் போன வருடம் அவன் சொன்னதை இந்த வருடம் நானும், நான் சொன்னதை அவனும் சொல்லியிருந்தோம்.

"ரெண்டு பேரும் எதிரெதிரா நடந்து நடுவுல தாண்டிப் போயிருக்கீங்க" என்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கைக்குட்டையை எடுத்தார். தம்பி கீழே வந்ததற்குத் தலையணை காரணம், நீங்கள் மேலே போனதற்கு என்ன காரணம் என்று கேட்டார். பக்குவம் என்றேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.

நடைவழியில் தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒரு கால் பச்சை, ஒரு கால் சிவப்பு. இரண்டு வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன். அடிப்பான் என்று எதிர்பார்த்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளும் எண்ணமும் இருந்தது. அவன் முகம் சிவந்திருந்ததே தவிர அதில் கோபம் இல்லை. பிடிபட்டவன் நான், தலைகுனிந்திருந்தவன் அவன்.

"அண்ணா, காலைல எத்தன மணிக்கு எழுந்திரிக்கிற?" என்றான்.

"நாலரை."

"கடிகாரம் சரியா ஓடுதா?"

"ஓடுது."

"சித்திய அப்படிப் பேசறது எனக்கும் பிடிக்காது அண்ணா. நீயும் நல்லா வந்துட்டா அந்தப் பேச்சே நின்னுடும்னு நெனச்சேன். நெனச்சதோட விட்டிருக்கணும்" என்றான். என் கையைப் பிடித்துக்கொண்டான், அப்படியே தூங்கிப்போனான். தூங்கட்டும் என்று தோளைக் கொடுத்தேன். எங்கள் இருவரில் ஒருவன் விழித்திருக்க மற்றவன் தூங்கினான். பிறந்தபோதும் இப்படித்தான் இருந்திருப்போம். நான் அவனைக் கெடுத்தேன், அவன் எனக்கு நல்லதை நினைத்தான். நல்லவன் நல்லவன்தான். என்னிடம் ஒரு கடிகாரம் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். நேரத்தோடு வேலை பார்க்கிறவன், யாரைப் பார்த்தாலும் கடிகாரத்தைத்தான் விசாரிப்பான்.

இப்போது பெரியம்மா வாய் திறப்பதில்லை. போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா என் ஷூவை வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி எடுத்துவைத்தாள். "ஒரே வயிறு, ஒரே நாள்" என்று ஆரம்பித்தாள். பெரியம்மா ஏதோ எடுக்கப் போவதுபோல உள்ளே போனாள். இதைத்தான் நான் நாற்பது வருடமாக விரும்பினேன். ஆனால் அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

ஆகவே ஐயா, தலையணை செய்தவன் நான், அனுப்பியவன் நான், ஒலியைக் கூட்டியவனும் நான். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். தம்பிக்கு வேறு தலையணையும் மூன்று மாதமும் கொடுங்கள், பழையபடி ஆகிவிடுவான். குளத்துப் பக்கம் மட்டும் கொஞ்சநாள் யாராவது கூடப் போக வேண்டும்.

உங்கள் ஒன்பதாவது கேள்வி, தம்பி பதிலுக்கு எனக்கு ஏதாவது செய்தானா என்பது. பேராசிரியையும் இதையே கேட்டு, அந்தக் கடிகாரத்தை ஒருதரம் திறந்து பார்க்கட்டுமா என்றார். நன்றாக ஓடுகிற கடிகாரத்தைத் திறப்பானேன் என்று மறுத்துவிட்டேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. நான் திருந்தியது என் மனசாட்சியால். விடிகாலையில் அது பேசுவதை நான் காதால் கேட்கிறேன், தலைமாட்டுப் பக்கமிருந்து வரும். "அண்ணா, எழுந்திரு. சித்தி பாவம்ல" என்று சொல்லும். அரைத்தூக்கத்தில் உறவுமுறை கொஞ்சம் முன்னே பின்னே ஆவது சகஜம்தான். மற்றபடி அது எனக்குள்ளிருந்து வருகிற குரல் என்பதில் சந்தேகமே இல்லை. என் குரல் எனக்குத் தெரியாதா, ஐயா?